தரையில் எழுதிய நெறி

நுழையும்முன்

எழுத்தறிந்தவர் நூலைப் படிக்கிறார். இசையறிந்தவர் சுரக்குறிப்பைப் படிக்கிறார். வாகனம் ஓட்டுபவரும் படித்தறிய வேண்டிய ஏடு ஒன்று உண்டு. அது நம் கண்முன் விரிந்து கிடக்கும் சாலையே. வெள்ளையும் மஞ்சளுமாக அதன்மேல் தீட்டப்பட்ட ஒவ்வொரு கோட்டிற்கும் ஒரு பொருள் உண்டு. நாள்தோறும் நாம் மிதித்துக் கடக்கும் அக்கோடுகள் யாருக்கு, என்ன சொல்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மேலே தண்டவாளம், கீழே கோடு

சென்னை அசோக் நகரின் அடையாளமாக விளங்குவது, நான்கு சிங்கங்களை உச்சியில் தாங்கிய அசோகர் தூண். அதை ஒட்டிச் செல்லும் ஜவகர்லால் நேரு சாலையை ஊர்மக்கள் நூறடிச் சாலை என்றே அழைப்பர். கத்திப்பாராவையும் கோயம்பேட்டையும் இணைக்கும் அச்சாலையின்மேல், உயர்த்திக் கட்டப்பட்ட பாதையில் 2015ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் மெட்ரோ தொடர்வண்டி ஓடுகிறது.

தொடர்வண்டியை அதன் பாதையில் நிறுத்துபவை எஃகுத் தண்டவாளங்கள். ஓட்டுநரே விரும்பினாலும் அதை அடுத்த பாதைக்குத் திருப்ப இயலாது. கீழே செல்லும் சாலையின் நிலை வேறு. பேருந்து, சரக்குந்து, மகிழுந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம், மிதிவண்டி ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று உரசாமல் செல்வதற்குத் துணை நிற்பது, ஒரு சாணுக்கும் குறைந்த அகலமும் சில மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட வண்ணப்பூச்சு. எந்தச் சக்கரமும் அதை எளிதில் ஏறிக் கடந்துவிடும். தண்டவாளம் தன் வலிமையால் வண்டியைத் தடுக்கிறது. கோடோ தன் பொருளால் தடுக்கிறது. அப்பொருளை அறிந்து மதிப்பவர் இருக்கும்வரையில்தான் அதற்கு ஆற்றல் உண்டு.

அசோகர் தூண் நிற்கும் இடத்தில் இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே. அம்மன்னர் தம் மக்களுக்குச் சொல்ல விரும்பிய நெறிகளைப் பாறைகளிலும் தூண்களிலும் பொறித்து வைத்தார். வழிச்செல்வோரின் நலம் கருதிச் சாலையோரங்களில் ஆலமரங்கள் நட்டதையும் கிணறுகள் தோண்டியதையும் அவருடைய தூண் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. வழிச்செல்வோருக்காக எழுதப்படும் எழுத்து இன்று தூணிலிருந்து தரைக்கு இறங்கியிருக்கிறது.

கோடு பிறந்த கதை

மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் மட்டும் சென்ற காலத்தில் சாலைக்குக் கோடு தேவைப்படவில்லை. எதிரே வருபவரைக் கண்டு, பேசி, ஒதுங்கி வழிவிட நேரம் இருந்தது. மோட்டார் வாகனத்தின் விரைவு அந்த நேரத்தைப் பறித்துக்கொண்டது. பேச்சுக்கு இடமில்லாத இடத்தில் பேசாமலே புரிந்துகொள்ள ஒரு குறி தேவைப்பட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெய்ன் மாவட்டச் சாலை வாரிய உறுப்பினராக இருந்தவர் எட்வர்டு ஹைன்ஸ். அவருடைய முயற்சியால் 1911ஆம் ஆண்டு அங்குள்ள சாலை ஒன்றின் நடுவில் வெள்ளைக்கோடு தீட்டப்பட்டது. பால் வண்டியொன்றிலிருந்து ஒழுகிய பால் சாலையில் கோடாக நீண்டதைக் கண்டபோது அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்று சொல்லப்படுகிறது.

கலிபோர்னியாவில் மருத்துவராகப் பணியாற்றிய ஜூன் மெக்கரோல் என்னும் பெண்மணியும் இதே தீர்வைக் கண்டடைந்தார். 1917ஆம் ஆண்டு அவர் தம் மகிழுந்தில் சென்றபோது, எதிரே வந்த சரக்குந்து ஒன்று அவருடைய பக்கத்திற்கே வந்துவிட்டது. சாலையை விட்டு மணலில் இறங்கி அவர் உயிர் தப்பினார். அதன்பின் இந்தியோ நகருக்கு அருகே சாலையின் நடுவில் தாமே வெள்ளைக்கோடு ஒன்றைத் தீட்டினார். எல்லாச் சாலைகளிலும் இவ்வாறு கோடிட வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1924ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் அம்முறையை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் சாலை மேம்பாட்டை ஆராய 1927ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1934ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு தோன்றியது. சாலைக் குறியீடுகளுக்கான அதன் விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து, பின்னர் 1997இலும் 2015இலும் திருத்தப்பட்டது. குமரிமுனையில் ஒரு கோட்டிற்கு உரிய பொருளே காசுமீரத்திலும் அக்கோட்டிற்கு உரியது. மாநிலத்திற்கு மாநிலம் மொழி மாறினாலும், தரையில் எழுதப்பட்ட இம்மொழி நாடு முழுவதற்கும் பொதுவானது.

தடம் எவ்வளவு அகலம்?

ஒரு வாகனம் செல்வதற்கென ஒதுக்கப்பட்ட நீண்ட பகுதி தடம் எனப்படும். நம் நாட்டில் ஒரு தடத்தின் பொது அளவு 3.5 மீட்டர். பேருந்துக்கு விதிகள் ஒப்பும் பெரும அகலம் 2.6 மீட்டர். பேருந்து தன் தடத்தின் நடுவே சென்றால் இருபுறமும் எஞ்சுவது 45 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு முழம். அந்த இடைவெளி வீணானது அன்று. ஓட்டுநரின் கை சற்று அசைவதற்கும், காற்று வண்டியைச் சற்று தள்ளுவதற்கும், சிறு பள்ளத்தைக் கண்டு ஒதுங்குவதற்கும் விடப்பட்ட பாதுகாப்பு வெளி அது.

இந்த அளவை மனத்தில் கொண்டு நூறடிச் சாலை போன்ற பெருஞ்சாலையைக் காண வேண்டும். நிற்கும் பேருந்துக்கும் மகிழுந்துக்கும் இடையில் இருசக்கர வாகனத்தைச் செலுத்துபவர், தமக்கென ஒரு வழி கிடைத்துவிட்டதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் புகுவது இரு தடங்களின் பாதுகாப்பு வெளிக்குள். பேருந்து ஒரு முழம் நகர்ந்தாலும் அவருக்கு ஒதுங்க இடமில்லை. பேருந்தின் நீண்ட பக்கத்தை ஒட்டிச் செல்லும் வாகனம் அதன் ஓட்டுநருடைய கண்ணாடிகளில் தெரியாமலும் போகலாம். தான் பிறருக்குத் தெரியாத இடத்தில் இருப்பதே சாலையில் பெரிய ஆபத்து.

நம் நாட்டில் போக்குவரத்து இடப்புறம் செல்வது. ஆகவே மெதுவாகச் செல்பவருக்கு இடத்தடமும், முந்துபவருக்கும் வலப்புறம் திரும்புபவருக்கும் வலத்தடமும் உரியவை. தடம் மாற விரும்புபவர் முதலில் கண்ணாடியில் பின்னால் வருவோரைக் காண வேண்டும். அடுத்துத் திசைகாட்டி விளக்கை ஒளிரவிட வேண்டும். பிறகு தலையைச் சற்றுத் திருப்பிக் கண்ணாடிக்கு எட்டாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் முடிந்த பின்னரே சக்கரம் கோட்டைக் கடக்கலாம்.

நடுக்கோட்டின் இலக்கணம்

நூறடிச் சாலையில் எதிரெதிர்ப் போக்குவரத்தை மையத் தடுப்பு பிரித்துவிடுகிறது. அத்தடுப்பு இல்லாத உட்சாலைகளிலும் ஊர்களை இணைக்கும் இருவழிச் சாலைகளிலும் அப்பணியைச் செய்வது நடுக்கோடு மட்டுமே. அதன் வடிவங்களைப் பிரித்தறிவது உயிர்காக்கும் அறிவாகும்.

விட்டுவிட்டு வரும் வெள்ளைக்கோடு, இரு பக்கங்களையும் பிரித்துக் காட்டுகிறது. எதிரே வாகனம் இல்லை என உறுதியானால் அதைக் கடந்து முந்தலாம். இடைவெளியின்றி நீளும் வெள்ளைத் தொடர்கோட்டைத் தாண்டி முந்துதல் கூடாது. மஞ்சள் தொடர்கோட்டின் தடை இன்னும் அழுத்தமானது. தம் பக்கத்திற்குள்ளேயே போதிய இடமிருந்தால் முந்தலாம்; சக்கரம் கோட்டைத் தாண்டக் கூடாது. இரட்டைத் தொடர்கோடு இருபுறத்தாரையும் ஒருசேரத் தடுக்கிறது. தொடர்கோடும் விட்டுவரும் கோடும் அருகருகே இருந்தால், தமக்கு அருகிலுள்ள கோடு எதுவோ அதன் சொல்லே தமக்குரியது. விட்டுவரும் கோட்டின் பக்கம் இருப்பவர் கடக்கலாம். தொடர்கோட்டின் பக்கம் இருப்பவர் கடக்கலாகாது.

சாலை காலியாகத் தோன்றும்போதும் தொடர்கோடு ஏன் தடுக்கிறது என்னும் ஐயம் எழலாம். ஒரு கணக்கு அதற்கு விடை தரும். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. அதனை ஒருவர் 50 கிலோமீட்டர் விரைவில் முந்த முயல்கிறார். பேருந்துக்குப் பின்னும் முன்னும் 9 மீட்டர் இடைவெளி விட்டால், பேருந்தைவிட அவர் 30 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். இருவரின் விரைவு வேறுபாடு மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். ஆகவே முந்தி முடிக்க அவருக்கு 11 நொடி தேவை. அந்நேரத்தில் அவர் ஏறத்தாழ 150 மீட்டர் சென்றிருப்பார். எதிரே அதே 50 கிலோமீட்டர் விரைவில் ஒருவர் வந்தால், அவரும் 150 மீட்டர் நெருங்கியிருப்பார். எனவே முந்தத் தொடங்கும் நொடியில் 300 மீட்டர் தொலைவுக்குச் சாலை தெளிவாகத் தெரிய வேண்டும்.

வளைவிலும், மேம்பாலத்தின் முகட்டிலும், மேட்டுச்சாலையின் உச்சியிலும் அத்தனை தொலைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கெல்லாம் தொடர்கோடு இடப்படுகிறது. ஓட்டுநர் காண முடியாததைப் பொறியாளர் முன்னரே அளந்து அறிந்திருக்கிறார். தாம் அறிந்ததை அவர் கோடாக எழுதி வைத்திருக்கிறார்.

சந்திப்பை நெருங்கும்போது

சாலைகள் கூடும் இடத்தில் குறியீடுகள் செறிகின்றன. முதலில் தென்படுபவை அம்புக்குறிகள். இத்தடத்தில் இருப்பவர் நேரே செல்ல வேண்டுமா, திரும்ப வேண்டுமா என்பதை அவை சொல்கின்றன. அவற்றைத் தொலைவிலேயே படித்துவிட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்பவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். கடைசி நேரத்தில் தவறான தடத்தில் இருப்பதை உணர்ந்தால், அம்புக்குறி காட்டும் வழியே சென்று, அடுத்து வாய்ப்புள்ள இடத்தில் திரும்பி வருவதே முறை. அதனால் சில நிமிடங்கள் கூடலாம். பல தடங்களைக் குறுக்கே வெட்டித் திரும்பினால் ஏற்படும் இழப்புக்கோ அளவில்லை.

அடுத்தது நிறுத்தக்கோடு. சிவப்பு விளக்கு எரியும்போது வாகனத்தின் எந்தப் பகுதியும் அக்கோட்டிற்கு அப்பால் நீளக் கூடாது. அதற்கு அப்பால் இருப்பது பாதசாரிகள் கடக்கும் வெள்ளைப் பட்டைகள். மூன்று தடங்களின் அகலம் 10.5 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் அதைக் கடக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். கோலூன்றி நடக்கும் முதியவருக்கு இன்னும் கூடும். பட்டைகளின்மேல் வாகனங்கள் ஏறி நின்றால், அம்முதியவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு சந்திப்பின் நடுவில் இறங்க நேரிடும். பச்சை விளக்கு எரியும் நொடியில் அவர் எல்லாத் திசை வாகனங்களுக்கும் இடையில் நிற்பார். ஒரு மீட்டர் முன்னே நின்றவருக்குக் கிடைத்த ஆதாயம் ஒரு நொடிகூட இல்லை. அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். விளக்கு இல்லாத கடவையிலோ, பாதசாரிக்கே முதல் உரிமை. ஓட்டுநர்தாம் விரைவைக் குறைத்து, நின்று வழிவிட வேண்டும்.

சில சந்திப்புகளின் நடுவில் மஞ்சள் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கட்டம் இருக்கும். வெளியேறும் வழி காலியாக இருந்தாலன்றி அக்கட்டத்திற்குள் நுழையக் கூடாது என்பது அதன் பொருள். பச்சை விளக்கு எரிந்தாலும் இவ்விதி பொருந்தும். முன்னால் இடமில்லாதபோது உள்ளே நுழைபவர், குறுக்குச் சாலையின் போக்குவரத்தையும் அடைத்துவிடுகிறார். ஒருவரின் அவசரம் நான்கு சாலைகளின் தேக்கமாகிறது.

மேம்பாலத்தின் தொடக்கத்தில் பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் சாய்கோடுகள் நிறைந்த முக்கோணப் பகுதியைக் காணலாம். அது வாகனம் செல்லும் இடம் அன்று. மேலே செல்வதா, கீழே செல்வதா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சாலையோர மஞ்சள் தொடர்கோடு, அங்கு வாகனத்தை நிறுத்தி வைத்தல் கூடாது என அறிவிக்கிறது.

இரவும் மழையும்

பகலில் வண்ணத்தால் தெரியும் கோடு இரவில் எவ்வாறு தெரிகிறது? சூடாக்கி உருக்கிச் சாலையில் இடப்படும் பூச்சில் மிகச்சிறு கண்ணாடி மணிகள் கலக்கப்படுகின்றன; பூச்சு இறுகுமுன் மேலேயும் தூவப்படுகின்றன. முகப்பு விளக்கின் ஒளி மணிக்குள் புகுந்து, வளைந்து, உட்புறத்தில் பட்டு, வந்த திசைக்கே திரும்புகிறது. அதனால் ஓட்டுநரின் கண்ணுக்குக் கோடு தானே ஒளிர்வதுபோலத் தோன்றுகிறது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் இரவில் இவ்வமைப்பு வலுவிழக்கிறது. மணிகளின்மேல் நீர்ப்படலம் மூடும்போது ஒளி திரும்பி வராமல் சிதறிவிடுகிறது. கோடு கண்ணிலிருந்து மறைகிறது. நீர்ப்படலத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒளிர்குமிழ்கள் அந்நேரத்தில் துணை செய்கின்றன. நனைந்த பூச்சு வழுக்கும் தன்மையுடையது என்பதையும் இருசக்கர வாகனம் ஓட்டுபவர் மறக்கலாகாது. ஈரமான பட்டைகளின்மேல் வண்டியைத் திடீரெனச் சாய்ப்பதோ தடையை இறுக அழுத்துவதோ கூடாது. அங்கு நிறுத்த வேண்டியிருந்தால், பட்டைகளுக்கு முன்பே விரைவைக் குறைத்துவிட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இரவில் ஒளிரும் ‘பூனைக்கண்’ என்னும் சாலைப் பதிகையை 1934ஆம் ஆண்டு உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஷா. பாதசாரிகள் கடப்பதற்கான வரிக்குதிரைக் கடவை 1951ஆம் ஆண்டு அந்நாட்டில் முறைப்படி நடைமுறைக்கு வந்தது.

கோடு மறைந்த இடத்தில்

கோடுகள் நிலையானவை அல்ல. ஓயாத சக்கரங்களால் அவை தேய்கின்றன. சாலையைத் தோண்டும்போது அழிகின்றன. புதிதாகத் தார் இடும்போது மறைகின்றன. கோடில்லாத சாலையில் விதியும் இல்லை என்று கொள்வது பிழை. அங்கு ஓட்டுநர் தம் மனத்தில் கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். இடப்புறத்தே செல்லுதல், முன்செல்வோருக்கு இடைவெளி விடுதல், காண முடியாத வளைவில் முந்தாதிருத்தல் ஆகியவை வண்ணப்பூச்சை நம்பி வாழும் நெறிகள் அல்ல. தேய்ந்த கோட்டைக் கண்டால் உரிய அலுவலருக்குத் தெரிவிப்பதும் குடிமக்களின் கடமையே. மொழி அழிந்தால் உரையாடல் நின்றுவிடும்.

உரிமம் பெறுமுன்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்; அவற்றின் எண்ணிக்கை 64,105. உயிரிழந்தவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் மாலையில் ஒருவர் வருகைக்காகக் காத்திருந்த ஒரு வீடு உண்டு.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பற்சக்கரம் மாற்றி ஓட்டும் இருசக்கர வாகனத்திற்கும் மகிழுந்துக்கும் 18 வயது நிறைந்த பின்னரே உரிமம் பெற முடியும். 2019இல் செய்யப்பட்ட திருத்தம், வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரையோ வாகன உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது; 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்க வழி செய்கிறது. ஓட்டியவர் 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் உரிமத்திற்குக் காத்திருக்கும் காலம் இது. கையில் வண்டி வருமுன் கண்ணுக்குப் பயிற்சி தர இதைவிட நல்ல காலம் வேறில்லை. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தும், நடைபாதையில் நின்றும் இம்மொழியைக் கற்கலாம்.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. வழிகாட்டும் இலக்கியத்தை நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். ‘நெறி’ என்பது பாதையையும் குறிக்கும், பண்பையும் குறிக்கும். ‘ஒழுகுதல்’ நீரின் ஓட்டத்தையும் சுட்டும், முறைப்படி நடத்தலையும் சுட்டும்; ஒழுக்கம் என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. சீராகச் செல்வதும் சீராக வாழ்வதும் வெவ்வேறல்ல என்று நம் மொழி என்றோ கண்டுவிட்டது. நூறடிச் சாலையில் எதிரே வருபவரின் பெயரை நாம் அறியோம். அவர் தம் கோட்டிற்குள் வருவார் என்று நம்பியே நாம் செல்கிறோம். நம்மையும் அவர் அவ்வாறே நம்புகிறார். முன்பின் அறியாத இருவர் ஒருவருக்கொருவர் தரும் அந்த வாக்குறுதிதான் தரையில் வெள்ளைக்கோடாக நீள்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைச் சந்திப்பில் காணப்படும் குறியீடுகளை நடைபாதையில் பாதுகாப்பாக நின்று வரைந்து, ஒவ்வொன்றின் பொருளையும் எழுதுக.

2. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஒருவர் பேருந்தை முந்துவதாகக் கொண்டு, பாடத்திலுள்ள கணக்கை மீண்டும் செய்து, வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.

3. தேய்ந்துபோன பாதசாரிக் கடவையைப் புதுப்பிக்குமாறு வேண்டி மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

4. ‘ஆறு’, ‘நெறி’, ‘ஒழுகு’ என்பவற்றைப் போல, பாதையையும் வாழ்வியலையும் ஒருசேரக் குறிக்கும் தமிழ்ச்சொற்களைத் தொகுக்க.